கடைக்கு வெப்சைட் போடப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னிமலையில் எங்கள் வீட்டில் மூன்று கைத்தறி ஓடுகிறது. போர்வை, பெட்ஷீட், துண்டு நெய்கிறோம். கடைகளுக்கு மொத்த விலைக்குப் போட்டுக்கொண்டிருந்த சரக்கை நேராக வீடுகளுக்கு அனுப்பினால் கையில் நாலு காசு கூடுதலாக நிற்குமே என்று வெப்சைட் போட்டோம். சரியாக ஒரு வருடம் ஓடியது. புரட்டாசியில் ஒரு நாள் காலை, ஓசூரிலிருந்து வழக்கமாக வாங்குபவர் போன் செய்தார். “அக்கா, உங்க சைட்டைத் திறந்தா வேற என்னென்னவோ விளம்பரம் வருதுங்க.” திறந்து பார்த்தேன். மேலே எங்கள் கடைப் பெயர். கீழே முழுக்கக் கடன் விளம்பரம்.

டொமைன் காலாவதியாகியிருந்தது. வெப்சைட் செய்து கொடுத்தவர் அதைத் தன் பெயரில், தன் மெயிலில் வாங்கியிருந்தார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. டொமைன் விற்ற நிறுவனத்துக்கு எழுதினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரோடுதான் பேசுவோம் என்றார்கள். அந்தத் தீபாவளி விற்பனை போயிற்று. அந்த முகவரி அச்சிட்ட இரண்டாயிரம் கூரியர் கவர் பரணில் கிடந்தது.

இரண்டாவது வெப்சைட்டை ஒவ்வொரு படியாக விசாரித்துத்தான் போட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது: பணத்தையும் நாட்களையும் தின்னும் தவறுகளில் பெரும்பாலானவை, யாரும் கம்ப்யூட்டரைத் தொடும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அவற்றைத் தவிர்க்கக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. என்ன கேட்க வேண்டும், எதை யார் பெயரில் வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். சிறு கடை, வீட்டுத் தொழில், தறி வைத்திருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

வெப்சைட்டுக்கு வருபவர் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் யாரையும் போய்ப் பார்க்காதீர்கள். பொதுவாக மூன்று வகைதான். ஒன்று, கடை எங்கே இருக்கிறது, என்ன கிடைக்கும், எப்போது திறந்திருக்கும் என்று சொல்லும் நாலைந்து பக்கம். இரண்டு, பொருட்களைப் படமும் விலையுமாக அடுக்கி, ஆர்டரை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வது. மூன்று, கூடை, ஆன்லைன் பணம், கூரியர் கட்டணம் எல்லாம் உள்ள முழுக் கடை.

எல்லாரும் மூன்றாவதில்தான் தொடங்குகிறோம். முதல் முறை நானும் அதைத்தான் கேட்டேன். வந்த ஆர்டரில் பாதிக்கு மேல், படத்தைப் பார்த்துவிட்டு போன் செய்து “இதே டிசைன் பச்சையில் இருக்குங்களா” என்று கேட்டவர்களுடையது. ஒரு நாளைக்கு ஐந்து ஆர்டருக்குக் கீழே என்றால் இரண்டாவது வகையே தாராளம் என்பது என் கருத்து. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல் போடுவது இலவசம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதும் இலவசம். இரண்டையும் முதலில் செய்து இரண்டு மாதம் பாருங்கள். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும், வெப்சைட்டில் என்ன எழுத வேண்டும் என்பதும் அதிலேயே கிடைக்கும்.

அதே தாளில் இன்னும் இரண்டு: யார் போன் எடுப்பது, யார் பார்சல் கட்டுவது.

அப்புறம் தேதி. சிறு வெப்சைட்டுக்கு மூன்று வாரம் என்பார்கள். நம் பக்கம் ஆகும் தாமதத்தையும் சேர்த்தால் எட்டு வாரம் ஆகிவிடும். பணம் வாங்கும் வசதி வேண்டும் என்றால் இன்னும் இரண்டு வாரம். தீபாவளிக்குத் திறக்க வேண்டுமென்றால் ஆடிப்பெருக்குக்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

2. டொமைன்: உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் பணத்தில்

டொமைன் என்பது உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயர். டாட் காம் என்றால் வருடம் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய், டாட் இன் அதைவிடச் சற்றுக் குறைவு. வாங்குவதற்கு ஆன்லைனில் போன் ரீசார்ஜ் செய்யத் தெரிந்தால் போதும். இந்தச் சின்ன வேலையை “நானே பாத்துக்கறேன்” என்று செய்பவர் சொன்னதும் விட்டுவிட்டதுதான் என்னுடைய முதல் தவறு.

பெயரை முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நினைத்திருக்கும் பெயரை ஐந்து பேரிடம் வாயால் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘கைத்தறி’ என்பதை எனக்குத் தெரிந்த ஐந்து பேர் நான்கு விதமாக எழுதினார்கள். ‘ழ’ வரும் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். போனில் ஒரு தடவை சொன்னால் சரியாக அடிக்கும்படியான பெயராகப் பார்த்து எடுங்கள். நடுவில் கோடு, எண் வேண்டாம். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைனும் கிடைக்கிறது; ஆசையாக இருந்தால் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், பல இடங்களில் படிவங்கள் அந்த முகவரியை ஏற்பதில்லை. இன்னொருவரின் டிரேட்மார்க்கோடு மோதுகிறதா என்பதை மத்திய அரசின் டிரேட்மார்க் பதிவேட்டு இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

வாங்கும்போது இந்த நான்கையும் பாருங்கள்.

உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ கடையின் பெயரோதான் இருக்க வேண்டும். மெயில் முகவரி, கடைக்கென்று தனியாகத் தொடங்கிய ஜிமெயிலாக இருக்கட்டும். வேலைக்கு இருப்பவரின் மெயில் கூடாது. அந்த டொமைனிலேயே உருவாக்கிய மெயிலும் கூடாது: டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் வரவே வராது. மூன்றாவது, வாங்கியதும் உங்கள் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு இணைப்பு வரும். டாட் காம் போன்றவற்றில் 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் வெப்சைட்டையே நிறுத்தி வைப்பார்கள். நான்காவது, முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள். 99 ரூபாய்க்குக் கிடைப்பது இரண்டாம் வருடம் 1,400 ஆகலாம். புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய ஓரிரு நாளில் “வெப்சைட் பண்ணித் தர்றோம்” என்று தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கலாம். பதிவு விவரம் வெளியே தெரிந்தால் இப்படி வரும். உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே பணம் கட்டு என்று போலி மெயிலும் வரும். எந்த நிறுவனத்தில் வாங்கினீர்களோ அதில் நேராக நுழைந்து பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

காலாவதியானால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டாட் காம் டொமைனில், முடிந்த தேதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. சில நிறுவனங்களில் அது இன்னும் குறைவு. அந்தக் காலத்தில்தான் உங்கள் பக்கத்தில் விளம்பரம் ஓடும். அடுத்த 30 நாள் மீட்புக் காலம், அப்போது அபராதத்தோடு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். புதுப்பிக்கும் காலம், மீட்புக் காலம் இரண்டிலும் பதிவில் இருப்பவரால்தான் எதையும் செய்ய முடியும். நாங்கள் அந்த எண்பது நாளும் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் யாரோ வாங்கிவிட்டார்கள்.

ஏற்கெனவே உங்கள் டொமைன் வேறொருவர் பெயரில் இருக்கிறதா? உறவு நன்றாக இருக்கும்போதே, இந்த வாரமே, மாற்றிக்கொள்ளுங்கள். டொமைன் பூட்டை எடுத்துவிட்டு, மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ‘ஆத் கோட்’ தரும்படி கேளுங்கள். அதை வைத்து உங்கள் கணக்குக்கு மாற்றலாம். புதிதாக வாங்கியதாகவோ அண்மையில் நிறுவனம் மாறியதாகவோ இருந்தால் 60 நாள் மாற்ற முடியாமல் போகலாம், காத்திருக்க வேண்டும்.

3. ஹோஸ்டிங்: மாத விலையை நம்பாதீர்கள்

வெப்சைட்டின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்தான் ஹோஸ்டிங். மாதம் 69 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மூன்று அல்லது நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகும். ஒரு வருடத்துக்கு மட்டும் எடுங்கள், புதுப்பிக்கும் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு கடைக்கு வருடம் 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பணம் கட்டும் பக்கத்தில் சில பெட்டிகள் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் எஸ்எஸ்எல் சான்றிதழைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. முகவரியை https என்று தொடங்கச் செய்யும் அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமே போட்டுக்கொடுக்கும். தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்ற தொகுப்பும் வேண்டாம்.

ஹோஸ்டிங் கணக்கும் உங்கள் மெயிலில்தான் இருக்க வேண்டும். செய்பவருக்குத் தனி லாகின் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

4. செய்து தருபவரோடு எழுத்தில் ஒப்பந்தம்

இரண்டாம் முறை மூன்று பேரிடம் விலை கேட்டேன். 12,000, 28,000, 90,000 என்று வந்தது. முதல் படியில் எழுதிய தாளை மூவருக்கும் கொடுத்துக் கேட்டதால்தான் ஒப்பிட முடிந்தது. பன்னிரண்டாயிரம் சொன்னவரிடம் “எதில் செய்வீர்கள், பிறகு நானே விலை மாற்ற முடியுமா” என்று கேட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 300 ரூபாய் என்றார். நூல் விலைக்கு ஏற்ப மாதாமாதம் விலை மாறும் தொழிலில் அது எப்படிக் கட்டுப்படியாகும்?

வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் உருவாக்கும் மென்பொருள் போலப் பலருக்கும் தெரிந்த ஒன்றில் செய்யச் சொல்லுங்கள். “நாங்களே உருவாக்கிய சிஸ்டம்” என்றால் அவரை விட்டு நீங்கள் வேறு எங்கும் போக முடியாது. தீம் (வெப்சைட்டின் தோற்றம்), பிளக்இன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் அந்த லைசென்ஸ் உங்கள் மெயிலில் இருக்கட்டும். பூட்டு உடைத்த திருட்டுத் தீம் ஒன்றைப் போட்டுவிட்டு அசல் விலை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் தீங்கான நிரல் ஒளிந்திருக்கலாம், என்றைக்காவது உங்கள் பக்கம் சூதாட்டத் தளத்துக்கு ஓடும். வாங்கிய பில்லைக் கேளுங்கள்.

ஒப்பந்தம் என்றால் பத்திர ஆபீஸ் போக வேண்டியதில்லை, இரண்டு பக்கம் போதும். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் எது முடியும், பணம் எத்தனை தவணை, முடிந்த பிறகு எத்தனை மாதம் இலவசமாகப் பழுது பார்ப்பார், அதன் பிறகு வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் 30, 40, 30 சதவீதம் என்று மூன்று தவணையாகக் கொடுத்தேன். கடைசித் தவணை எல்லாப் பாஸ்வேர்டும் என் கைக்கு வந்து, நான் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான்.

பலரும் விடும் வரி ஒன்று உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் உங்களுக்காக எழுதும் நிரலின் உரிமை, நீங்கள் காசு கொடுத்திருந்தாலும் அவருக்கே இருக்கும். எழுத்தில் மாற்றித் தந்தால்தான் உங்களுடையது ஆகும். அப்படி எழுதும்போது எத்தனை காலத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே “வடிவமைப்பு, நிரல் எல்லாவற்றின் உரிமையும் உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் கடை உரிமையாளருக்கு” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எனக்குச் செய்தவர் முகம் சுளிக்காமல் போட்டுத் தந்தார்.

வேலை நடக்கும்போது திருத்தங்களை வாட்ஸ்அப் குரல்பதிவில் சொல்லாதீர்கள். நாற்பது குரல்பதிவில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று இருவருக்கும் தெரியாமல் போகும். ஒரே கூகுள் ஷீட்டில் வரிசை எண் போட்டு எழுதுங்கள்.

5. படமும் எழுத்தும் நம் வேலை

வெப்சைட் தாமதமாவதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். அவர் சட்டகத்தைச் செய்துவிட்டுப் படத்துக்கும் விவரத்துக்கும் காத்திருப்பார், நாம் நாளைக்கு நாளைக்கு என்போம். வேலை தொடங்கும் நாளிலேயே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொடுத்துவிடுங்கள்.

முதல் முறை பெட்ஷீட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் கட்டிலில் விரித்துப் படம் எடுத்தேன். மயில்நீலம் சாம்பல் கலந்தாற்போல வந்தது. “படத்துல இருக்கறது வேற, வந்தது வேற” என்று இரண்டு பார்சல் திரும்பி வந்தது. இப்போது காலை எட்டு மணிக்கு, வெயில் நேராக விழாத திண்ணையில் எடுக்கிறேன். ஒரு பொருளுக்கு நான்கு படம்: முழுதாக விரித்தது, மடித்து வைத்தது, கரை தெரியும்படி ஒரு மூலை, நெசவு தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. விரித்த படத்தில் ஒரு தலையணையும் இருக்கும், பார்ப்பவருக்கு அளவு பிடிபடுவதற்காக. 60-க்கு 90 அங்குலம் என்று மட்டும் போட்டால் யாருக்கும் புரிவதில்லை. “ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு” என்று சேர்த்து எழுதிய பிறகு அளவு கேட்டு வரும் அழைப்பு பாதியாகக் குறைந்தது.

போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால், கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் திறப்பவருக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஸ்கூஷ் என்ற இலவச இணையக் கருவியில் போட்டு 200 கேபிக்குள் குறையுங்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பக்கம் எவ்வளவு வேகம் என்பதைக் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். முக்கியமான படம் இரண்டரை நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கூகுளில் தேடி எடுத்த படத்தைப் போடவே போடாதீர்கள். அதற்கு உரிமையாளர் இருப்பார், நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான்.

6. தமிழில் போடுவதானால்

எங்கள் வெப்சைட் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில்தான் அதிகம் சிக்கினோம், செய்பவர்கள் பலருக்கும் இதில் பழக்கம் குறைவு.

டிடிபி கடையில் அடித்து வைத்திருந்த பழைய நோட்டீஸை அப்படியே கொடுத்தேன். திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ வந்தது. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. வானவில் முதலியவற்றில் அடித்ததும் இப்படித்தான். வெப்சைட்டுக்கு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் அடித்தது வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒரு தடவை வரிக்கு வரி படித்துவிடுங்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தாலும் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். அதைவிடப் போனில் புதிதாக அடித்துவிடுவது வேகம்.

எழுத்துருவைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசம், கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் ஒன்றோடொன்று இடிக்கும். சற்றுக் கூட்டச் சொல்லுங்கள். பட்டனில் தமிழ்ச் சொல் நீளமாக வருவதால் உடைந்து இரண்டு வரியாகும், அதையும் போனில் பாருங்கள்.

தானாக மொழிபெயர்க்கும் பிளக்இன் ஒன்றைப் போட்டிருந்தார்கள். முகப்பு என்று வர வேண்டிய இடத்தில் ‘வீடு’ என்று வந்தது. வாடிக்கையாளர் அழுத்தும் சொற்கள் மொத்தமே ஐம்பது அறுபதுதான் இருக்கும். உட்கார்ந்து நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். முகவரியில் தமிழ் எழுத்து, புள்ளி, துணைக்குறி ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘போர்வை’ என்ற ஒரு சொல்லே 54 எழுத்தாகும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக ஒரு கட்டு வந்து விழும். வேர்ட்பிரஸில் முகவரிக்கு 200 எழுத்துதான் எல்லை, நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்துவிடும்.

7. பணம் வாங்கும் வழி: ஆவணங்களை முன்பே சேருங்கள்

ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ என்று, ஆன்லைனில் பணம் வாங்கி நம் வங்கிக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பல உண்டு. எதில் சேர்ந்தாலும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றுதான். தனி உரிமையாளர் என்றால்:

- பான் கார்டு, ஆதார்
- ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம்; சிலர் கரண்ட் அக்கவுண்ட்தான் வேண்டும் என்பார்கள்
- தொழிலுக்கான சான்று: உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ்
- கடை முகவரிக்கான சான்று

உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அரசு இணையதளத்தில் ஆதாரையும் பானையும் வைத்து வீட்டிலிருந்தே செய்யலாம். அதே போலத் தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலேயே வரும், கவனம்.

எங்களுக்கு விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. பானில் அப்பா பெயரின் முதலெழுத்து விரித்து எழுதியிருந்தது, வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல். இந்தப் பொருத்தத்தை இன்றே பார்த்துவிடுங்கள், வங்கியில் பெயர் திருத்த ஒரு வாரம் பிடித்தது. இன்னொன்று, விண்ணப்பிக்கும்போது வெப்சைட்டில் விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்புதல், அனுப்பும் முறை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும். “விரைவில்” என்று போட்ட வெற்றுப் பக்கத்துக்கு அனுமதி தர மாட்டார்கள். இன்னொரு கடையின் விதிமுறையை நகலெடுத்துப் போட்டு, அதில் அந்தக் கடையின் பெயர் அப்படியே இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கட்டணம் பொதுவாக 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் போர்வைக்கு 23 ரூபாய் 60 காசு போகும், அதையும் கணக்கில் வைத்து விலை போடுங்கள். பணம் உங்கள் வங்கிக்கு வர இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். நூலுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் அது கையில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றி: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு என்பது பொது விதி. ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்றால் தொகை எவ்வளவு சிறிது என்றாலும் பதிவு தேவைப்படும். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் பொருள் அதில் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பெங்களூருக்குப் பார்சல் போடுங்கள்.

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி உங்கள் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறை கேட்பவர் பெயர், தொடர்பு எண் ஆகியவை வெப்சைட்டில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

8. திறக்கும் முன் வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள்

செய்பவர் பெரிய திரையில் காட்டுவார், அழகாக இருக்கும். உங்கள் அம்மா கையில் இருக்கும் பழைய போனில் திறக்கச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். என் மாமியார் துண்டு ஒன்றை வாங்க முயன்றார். விரல் திரையின் மேலும் கீழும் போய்வந்தது. “வாங்கறதுக்குப் பட்டனே காணோமே, கண்ணு” என்றார். வலது மூலையில் மிதக்கும் பச்சை வாட்ஸ்அப் படம், சிறிய திரையில் ‘கூடையில் சேர்’ பட்டனின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நானும் செய்தவரும் பத்து நாளாகப் பார்த்தும் எங்கள் கண்ணில் படவில்லை.

பத்து ரூபாய்க்கு ஒரு பொருளைத் தற்காலிகமாகப் போட்டு, நிஜமாகவே பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். தமிழில் முகவரி அடியுங்கள், கேள்விக்குறிகளாக வந்தால் டேட்டாபேஸ் அமைப்பு சரியில்லை. ஆர்டர் மெயில் வருகிறதா, ஸ்பாமில் விழுகிறதா என்று பாருங்கள். ஸ்பாமில் விழுந்தால், மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் போடச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. பிறகு அந்தப் பத்து ரூபாயைத் திருப்பி அனுப்பும் வழியையும் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

9. திறந்த பிறகு

வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ் உள்ளே ரீடிங் பகுதியில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு பெட்டி இருக்கும். செய்யும்போது டிக் போட்டு வைப்பார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். கூகுளில் உங்கள் கடை வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதல் நாளே பாருங்கள். கூகுள் தேடலில் உங்கள் வெப்சைட் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் ஜிமெயிலை வைத்து வெப்சைட்டைச் சேர்த்து, சைட்மேப்பை (பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். இலவசம். தேடலில் தெரியச் சில நாள் முதல் சில வாரம் ஆகும், அதற்குள் “முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன்” என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பேக்அப் வாரம் ஒரு முறை, அந்த ஹோஸ்டிங்கிலேயே இல்லாமல் கூகுள் டிரைவ் போல வேறு இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். சேமித்ததை மீட்டுப் பார்க்காத வரை அது பேக்அப் இல்லை. ஒரு தடவை மீட்டுக் காட்டச் சொல்லிக் கடைசித் தவணையைக் கொடுங்கள். வேர்ட்பிரஸையும் பிளக்இன்களையும் மாதம் ஒரு நாளாவது அப்டேட் செய்ய வேண்டும், அந்த வேலை யாருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது வெப்சைட்டுக்கு எனக்கு ஆனது: டொமைன் 1,100, ஹோஸ்டிங் 4,200, செய்தவருக்கு 28,000. மொத்தம் 33,300 ரூபாய். இனி வருடத்துக்குப் பராமரிப்பு 6,000-ஐயும் சேர்த்து ஏறத்தாழ 11,300.

பீரோக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். டொமைன் எந்த நிறுவனத்தில், எந்த மெயிலில், என்று முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, என்று முடிகிறது, செய்தவரின் நம்பர். பாஸ்வேர்ட் அதில் இல்லை, அது தனி நோட்டில். முடியும் தேதிக்கு முப்பது நாள் முன்னால் என் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் அலாரம் அடிக்கும். தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தாலும் அன்றைக்கு உள்ளே போய் நானே பணம் கட்டிவிட்டு, புதிய தேதியைத் தாளில் எழுதிவிடுவேன். கார்டு மாறினால் ஆட்டோ ரினியூவல் சத்தமில்லாமல் நின்றுவிடும்.